பைக்குக் காவல் இருக்க ஒரு டிக்கெட்டா?

எந்தத் தீம் பார்க்குக்குப் போனாலும் இந்தக் காட்சி கண்ணில் படும். அலைக்குளத்தின் ஓரம், நிழல் பாதி வெயில் பாதியாக ஒரு சிமென்ட் பெஞ்ச். அதில் ஒரு பாட்டி. மடியில் இரண்டு பை, பக்கத்தில் மூன்று பை, காலடியில் குடும்பத்தின் மொத்தச் செருப்பும். கையில் இருக்கும் மகனின் செல்போன் விடாமல் அடிக்கிறது. எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். காலை பதினொரு மணிக்கு உட்கார்ந்தவர் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். அவருக்கும் வாசலில் டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள்.

சில குடும்பங்களில் பாட்டியின் இடத்தில் அம்மா இருப்பார். நைலான் உடை போட மனசு வராமல், 'நீங்க போங்க, நான் பையைப் பாத்துக்கறேன்' என்று உட்கார்ந்துவிட்டவர். சில குடும்பங்களில் ராட்டினத்தைப் பார்த்தாலே தலைசுற்றும் அப்பா. ஆள் மாறுவார், பெஞ்ச் காலியாக இருக்காது.

தீம் பார்க் போய்வந்து 'பத்தாயிரம் போச்சுப்பா' என்று அலுத்துக்கொள்கிறவர்கள் டிக்கெட் விலையைச் சொல்வார்கள், ஐஸ்கிரீம் விலையைச் சொல்வார்கள், பார்க்கிங் கட்டணத்தைத் திட்டுவார்கள். யாருடைய டிக்கெட் வீணானது என்று மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆறு பேர் போய் மூன்று பேர் ஆடிவிட்டு வந்தால், ஆடிய மூவரின் டிக்கெட் விலை இரண்டு மடங்கு ஆகிவிட்டது என்றுதான் பொருள். செலவைக் குறைக்கும் வழியும் எல்லோரும் சந்தோஷமாகத் திரும்பும் வழியும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. உட்கார்ந்திருக்கும் டிக்கெட்டைக் குறைக்க வேண்டும். மற்றதெல்லாம் சில்லறைக் கணக்கு.

பொருட்காட்சியில் இந்தச் சிக்கல் இல்லை

சென்னை தீவுத்திடல் பொருட்காட்சியையோ மதுரை சித்திரைப் பொருட்காட்சியையோ நினைத்துப் பாருங்கள். நுழைய ஒரு சின்னத் தொகை. ஜெயன்ட் வீலில் ஏற வேண்டுமா, அதற்குத் தனிச் சீட்டு. ஏற விருப்பமில்லாத பாட்டி டெல்லி அப்பளத்தை உடைத்துத் தின்றுகொண்டு கீழே நிற்கலாம். அவர் கணக்கில் செலவு அப்பளத்தோடு சரி. ஆடுகிறவர் கொடுக்கிறார், ஆடாதவர் கொடுப்பதில்லை.

உலகத்துக்கே தீம் பார்க் என்றால் என்ன என்று காட்டிய டிஸ்னிலேண்டும் இப்படித்தான் ஆரம்பித்தது. 1955 ஜூலையில் கலிஃபோர்னியாவின் அனஹைமில் திறந்தபோது பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 1 டாலர். ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிச் சீட்டு. சின்ன ராட்டினத்துக்கு 'ஏ' சீட்டு, சில ஆண்டுகளில் பெரிய சவாரிகளுக்கு 'இ' சீட்டு வரை வந்துவிட்டது. 1982இல் அந்தச் சீட்டுப் புத்தகங்களை எல்லாம் ஒழித்து, வாசலில் ஒரே டிக்கெட், உள்ளே எத்தனை முறை வேண்டுமானாலும் ஆடலாம் என்று மாற்றினார்கள். இன்று நம் ஊர்ப் பூங்காக்களிலும் பெரும்பாலும் அதே முறைதான். ஆட்டத்துக்குப் பேர்போன பதினான்கு வயதுப் பெண்ணுக்கு இது பெரிய லாபம். மூட்டு வலிக்காரத் தாத்தாவுக்கு முழு நஷ்டம். குடும்பமாகப் போகும்போது லாபக்காரரும் நஷ்டக்காரரும் ஒரே பர்ஸிலிருந்து வருகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

தமிழர்களுக்கு இந்தப் பூங்காக்களைக் கொண்டுவந்தவர்களைப் பற்றிச் சின்னதாக ஒரு விலகல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. தங்கக் கடற்கரையை உருவாக்கிய வி.ஜி.பன்னீர்தாஸ், ரேடியோவையும் கடிகாரத்தையும் தவணை முறையில் நடுத்தர வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தவர். அங்கே அசையாமல் நிற்கும் 'சிலை மனிதரை'ச் சிரிக்க வைக்க முயன்று தோற்காத எண்பது, தொண்ணூறுகளின் குழந்தைகள் சென்னையில் குறைவு. தாம்பரத்துக்குப் பக்கத்தில் 1995இல் கிஷ்கிந்தாவைத் தொடங்கிய நவோதயா அப்பச்சன், இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தா'னை எடுத்தவர். வொண்டர்லாவின் கொச்சௌசேஃப் சிட்டிலப்பிள்ளி, வோல்டேஜ் ஸ்டெபிலைசர் விற்று வளர்ந்த வி-கார்டு நிறுவனர். 2000இல் கொச்சியில் வீகாலேண்ட் என்று தொடங்கியதுதான் பிறகு வொண்டர்லா ஆனது. கேளிக்கை வரிப் பேச்சில் பல வருடம் இழுபட்ட அதன் சென்னைப் பூங்கா, ஒருவழியாக 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் திறந்தது. 60 ஏக்கருக்கு மேல் பரப்பு, 43 விளையாட்டுகள், 611 கோடி ரூபாய் முதலீடு. டிக்கெட் 1,489 ரூபாயில் தொடங்கும் என்று அறிவித்தார்கள்.

அந்தத் தொகையைப் பார்த்ததும் நாலு பேர் குடும்பத்தில் அப்பாவின் மனசு ஆறாயிரம் என்று பெருக்கிவிடும். பெருக்குவதற்கு முன்னால் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும்.

தள்ளுபடி நாள்காட்டியில் இருக்கிறது

ஒரு சவாரியில் 24 பேர் உட்காரலாம் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றி, பெல்ட்டைச் சோதித்து, ஓட்டி, இறக்க நாலு நிமிடம் ஆகிறது. மணிக்கு 15 முறை, ஆக 360 பேர். உங்களுக்கு முன்னால் 180 பேர் நின்றால் அரை மணி நேரம் நிற்க வேண்டும். 30 பேர் நின்றால் ஐந்து நிமிடத்தில் ஏறிவிடலாம். வரிசையில் நிற்கும் நேரத்தைத் தீர்மானிப்பது இந்தச் சாதாரண வகுத்தல்தான்.

பூங்கா திறந்திருப்பது ஏறக்குறைய ஏழு மணி நேரம். சாப்பாடு, உடை மாற்றல், கழிப்பறை, 'தம்பி எங்கே' என்று தேடுவது எல்லாம் போக ஐந்து மணி நேரம் மிஞ்சும். மே மாத ஞாயிற்றுக்கிழமையில், வரிசையும் நடையுமாகச் சவாரிக்கு அரை மணி போனால் பத்து விளையாட்டு. 1,500 ரூபாய் டிக்கெட் என்றால் ஒரு சவாரி 150 ரூபாய். அதே டிக்கெட்டை ஜூலை மாதப் புதன்கிழமையில் வாங்கினால், பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக இருபத்தைந்து ஆடலாம். சவாரி 60 ரூபாய். எந்த வங்கி அட்டையும் இவ்வளவு தள்ளுபடி தராது. வரிசையில் நிற்காமல் முன்னால் போக இன்னொரு தொகை வாங்கும் 'ஃபாஸ்ட் டிராக்' டிக்கெட்டுக்கும் வார நாளில் வேலை இல்லை. கூட்ட நாளில் போய் ஃபாஸ்ட் டிராக் வாங்குகிறவர், கூட்டத்துக்கு ஒரு முறையும் கூட்டத்தைத் தவிர்க்க ஒரு முறையும் பணம் கொடுக்கிறார்.

பள்ளி திறந்த பிறகு ஜூன் கடைசியும் ஜூலையும் நல்ல காலம். அக்னி நட்சத்திரம் ஓய்ந்திருக்கும், வடகிழக்குப் பருவமழை வந்திருக்காது. காணும் பொங்கல், ஆயுத பூஜை விடுமுறை, மே மாதம் முழுவதும் தவிர்க்க வேண்டியவை. ஐப்பசி மழையில் இடி மின்னல் வந்தால் உயரமான சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். மழைக்குப் பணம் திரும்ப வருமா, வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா என்று டிக்கெட் நிபந்தனையில் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

வார நாளில் ஒரு கண்ணி உண்டு. பள்ளிச் சுற்றுலாக்களும் வார நாளில்தான் வரும். நீங்கள் ஆள் இல்லாத புதன்கிழமை என்று நினைத்துப் போன அன்று, வாசலில் பன்னிரண்டு பள்ளிப் பேருந்துகள் நின்றால் ஞாயிற்றுக்கிழமையே தேவலாம் என்று ஆகிவிடும். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னும் பின்னும், பொங்கலுக்குப் பிறகும் பள்ளிக் குழுக்கள் அதிகம். முதல் நாள் பூங்காவுக்குப் போன் போட்டு 'நாளைக்குப் பள்ளிக் குழு எத்தனை பதிவாகியிருக்கு?' என்று கேளுங்கள். சொல்ல மாட்டோம் என்று எந்த வரவேற்பாளரும் கறாராக இருப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வார நாளில் போங்கள் என்று சம்பளத்தோடு விடுப்பு எடுக்கக்கூடியவருக்குச் சொல்வது சுலபம். ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் கட்டட வேலைக்குப் போகிறவருக்கும் புதன்கிழமை விடுப்பு என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. டிக்கெட்டில் மிச்சமானது அங்கே கரைந்துவிடும். அவர்களுக்கு ஞாயிறுதான் நாள் என்றால், மே மாத ஞாயிற்றை விட்டுவிட்டு ஜூலை ஞாயிறு, அதுவும் மாதக் கடைசி ஞாயிறு. எல்லோர் கையும் வறண்டிருக்கும் வாரத்தில் கூட்டம் குறையும் என்பது சினிமா கொட்டகைக்காரர்களும் ஓட்டல்காரர்களும் அறிந்த உண்மை.

வீட்டுச் சுவரில் அளந்துவிட்டுக் கிளம்புங்கள்

பேருந்தில் வயதைக் கேட்பார்கள். தீம் பார்க்கில் உயரத்தை அளப்பார்கள். வாசலில் அளவுகோல் வரைந்த பலகை நிற்கும். வொண்டர்லாவில் 85 செ.மீ.க்குக் கீழே இருந்தால் இலவசம், அதிலிருந்து 140 செ.மீ. வரை குழந்தைக் கட்டணம், அதற்கு மேல் பெரியவர் கட்டணம். மற்றப் பூங்காக்களிலும் அளவுகள் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் முறை இதுதான். 'அஞ்சாவதுதான் சார் படிக்கிறான்' என்ற வாதம் அந்தப் பலகையிடம் செல்லாது.

கட்டணத்தைவிட முக்கியமானது, எந்தச் சவாரியில் எந்த உயரம் என்பது. பெரிய ரோலர் கோஸ்டர்களில் தோள்பட்டையை அழுத்திப் பிடிக்கும் பட்டை, ஒரு குறிப்பிட்ட உடல் அளவுக்குத்தான் சரியாகப் பொருந்தும். 130 செ.மீ. பையன் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, முதல் படியில் ஏறியதும் திருப்பி அனுப்பப்பட்டால், அன்றைய மீதி நாளின் கதி உங்களுக்கே தெரியும். முதல் நாள் இரவே சுவரில் நிற்க வைத்து அளந்து, பூங்காவின் இணையதளத்தில் இருக்கும் சவாரிப் பட்டியலோடு ஒப்பிட்டு, 'இதுல நீ போகலாம், அதுல அடுத்த வருஷம்' என்று சொல்லிவிடுங்கள். குழந்தைகள் ஏமாற்றத்தைத் தாங்கிக்கொள்வார்கள். பொது இடத்தில் திருப்பி அனுப்பப்படுவதைத்தான் தாங்க மாட்டார்கள்.

ஆன்லைனில் வாங்கும்போது விளம்பரத்தில் தெரிவது வரிக்கு முந்தைய விலையா, பிந்தைய விலையா என்று பாருங்கள். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது இந்தப் பூங்காக்களுக்கு 28 சதவீதம். 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைத்தார்கள். குறைந்த பிறகும் 1,500 ரூபாயில் அது 270 ரூபாய். மாணவர் அடையாள அட்டை, பொதுத் தேர்வு ஹால் டிக்கெட், மூத்த குடிமக்கள், பிறந்தநாள் மாதம், முன்கூட்டிய பதிவு என்று பூங்காக்கள் அவ்வப்போது சலுகை தருவதுண்டு. அசல் அட்டை கையில் இல்லாவிட்டால் அது கிடைக்காது. வாட்ஸ்ஆப்பில் வரும் 'பாதி விலை டிக்கெட்' இணைப்பை மட்டும் தொடவே வேண்டாம்.

சேலைக்கும் சுடிதாருக்கும் தடை

பெஞ்சில் அம்மாக்களை உட்கார வைப்பது பயம் என்று நினைப்போம். என் கணிப்பில் பாதிப் பேரை உட்கார வைப்பது உடை.

தண்ணீர்ச் சறுக்குகளில் பருத்தி உடைக்கு அனுமதி இல்லை. காரணம் இருக்கிறது. நனைந்த பருத்தி கனத்து, சறுக்கின் மேல் ஒட்டி வேகத்தைக் கெடுக்கும். பின்னால் வருகிறவர் வந்து மோதுவார். அதன் நூல்துகள் குளத்து வடிகட்டிகளை அடைக்கும். துப்பட்டாவும் முந்தானையும் எதிலாவது மாட்டிக் கழுத்தை இறுக்கும் ஆபத்து வேறு. நைலான், பாலியஸ்டர், லைக்ரா என்றால் விடுவார்கள். இது தெரியாமல் புதுச் சுடிதாரோடு போகிறவர், உள்ளே இருக்கும் கடையில் சொன்ன விலைக்கு வாங்க வேண்டும், அல்லது வாடகைக்கு எடுக்க வேண்டும். யாரோ போட்ட வாடகை உடையை நினைத்து முகம் சுளித்துப் பெஞ்சுக்குப் போய்விடுவார்.

முழங்கை வரை கை, கணுக்கால் வரை கால் மூடிய நீச்சல் உடைகள் இப்போது ஊர்க் கடைகளிலேயே கிடைக்கின்றன. ஒரு வாரம் முன்பே வாங்கி, வீட்டில் ஒரு முறை போட்டுப் பார்த்து, குனிந்து நிமிர்ந்து கூச்சம் தீர்த்துக்கொள்ளலாம். உள்ளே வாங்குவதைவிட மலிவு, அடுத்த முறைக்கும் ஆகும். அம்மாவின் டிக்கெட் அப்போதுதான் வசூலாகும்.

நகை வேண்டாம். தாலிக் கொடியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் அன்று ஒரு நாளைக்கு மஞ்சள் கயிற்றுக்கு மாறிக்கொள்கிறார்கள், நல்ல யோசனை. கொலுசு, ஊக்கு இரண்டும் சறுக்கையும் கீறும், பின்னால் வருகிறவரையும் கீறும். கண்ணாடி போடுகிறவர்கள் பின்பக்கம் கட்டும் பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

லாக்கரை வாடகைக்கு எடுப்பதில்தான் நம் ஆட்கள் கஞ்சத்தனம் காட்டுவார்கள். நூறு இருநூறு ரூபாய் லாக்கரை மிச்சம் பிடிப்பதற்காக 1,500 ரூபாய் டிக்கெட் வாங்கிய ஒருவரைக் காவலுக்கு வைப்பது என்ன கணக்கு?

புளியோதரையும் உச்ச நீதிமன்றமும்

பெரும்பாலான பூங்காக்களில் வெளிச் சாப்பாடு கூடாது. பையைத் திறந்து பார்ப்பார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் திரையரங்குகள் பற்றிய வழக்கில், வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு, ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்றது. அது திரையரங்குகளுக்கான தீர்ப்புதான். என்றாலும் கைக்குழந்தையின் பால் புட்டியைப் பற்றி வாசல் காவலர் தகராறு செய்தால் அமைதியாக எடுத்துச் சொல்ல அது போதும். குடிநீர்க் குழாய் எங்கே என்று உள்ளே நுழைந்ததும் கேட்டுவிடுங்கள். ஆறு பேர் ஒரு நாள் முழுக்கக் குடிக்கும் தண்ணீரைப் பாட்டிலாக வாங்கினால் அதுவே ஒரு சிறு டிக்கெட்.

காலையில் வீட்டில் இட்லி, பொங்கல் என்று வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பூரி மசாலா வேண்டாம், ராட்டினத்தில் அது திரும்பி வரும். கையில் முத்திரை குத்தி வெளியே போய்வர விடும் பூங்காவாக இருந்தால், காரிலோ வேனிலோ புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்துக்கொள்ளலாம். தயிர்சாதத்தை வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள். ஒரு மணிக்குள் புளித்துவிடும்.

உள்ளேயே சாப்பிடுவது என்றால், டிக்கெட்டோடு சேர்ந்து வரும் பஃபே சாப்பாடு எல்லோருக்கும் லாபம் இல்லை. நன்றாகச் சாப்பிடும் பெரியவர்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் வாங்கலாம். ஏழு வயதுக் குழந்தை தண்ணீரை விட்டு வெளியே வரவே அழும்; இரண்டு வாய் சாதமும் ஒரு பாக்கெட் சிப்ஸும்தான் உள்ளே போகும். அதற்கு முழுச் சாப்பாட்டுக் காசு எதற்கு? பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள், இல்லை இரண்டரைக்குச் சாப்பிடுங்கள். ஒரு மணிக்கு உணவகத்தில் நிற்கும் கூட்டம் அந்த நேரத்தில் சவாரிகளில் இருக்காது, அந்த நேரம் உங்களுக்கு.

குழந்தைகளின் 'அது வேணும், இது வேணும்' தொல்லைக்கு நான் பார்த்ததில் நன்றாக வேலை செய்யும் மருந்து, காலையிலேயே ஆளுக்கு 200 ரூபாயைக் கையில் கொடுத்துவிடுவது. வளையம் எறிவதா, பஞ்சு மிட்டாயா, போட்டோவா, அவர்கள் பாடு. கேட்டுக் கேட்டு நச்சரிக்கும் பையன், தன் காசு என்றதும் எவ்வளவு யோசிக்கிறான் என்பதைப் பார்ப்பதே தனி விளையாட்டு.

பாட்டிக்கு என்ன வழி?

இதுதான் கட்டுரையின் மையம் என்பதால் கொஞ்சம் நின்று பேசலாம்.

முதலில் அவரிடமே கேட்க வேண்டும். 'பாட்டியையும் கூட்டிட்டுப் போலாம்' என்று முடிவெடுக்கும் குடும்பங்களில் பாட்டியிடம் யாரும் கேட்பதில்லை. பேரப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்தாலே போதும் என்று மனதார விரும்பும் பாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த டிக்கெட் வீண் இல்லை. அலைக்குளத்தில் முழங்கால் அளவு நீரில் நின்று எல்லோரையும்விட உரக்கச் சிரிக்கும் பாட்டிகளும் உண்டு. வேறு வழியில்லாமல் வருகிறவர்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

சென்னைக்காரர்களுக்கு முட்டுக்காடு ஒரு வரப்பிரசாதம். எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்ட் அங்கே இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் தட்சிணசித்ரா. 1996இல் திறந்த அந்த வளாகத்தில் செட்டிநாட்டு வீடு, கேரள வீடு, நெசவாளர் வீடு என்று தென்னிந்தியாவின் பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள். திண்ணை இருக்கிறது, நிழல் இருக்கிறது, பானை செய்கிறவர் இருக்கிறார். நுழைவுக் கட்டணம் தீம் பார்க் டிக்கெட்டில் ஒரு சிறு பங்கு. தாத்தாவும் பாட்டியும் அங்கே காலையைக் கழித்துவிட்டு, சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறையில் ஒரு சுற்றுப் போய்வரலாம். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணை. முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை. ஆகவே புதன் அல்லது வியாழன். வரிசைக் கணக்கும் அதே நாளைத்தான் காட்டியது.

மற்ற ஊர்க்காரர்களும் இப்படி ஜோடி சேர்க்கலாம். கோயம்புத்தூர்க்காரர்கள் பேரூர்ப் பட்டீசுவரரைக் கும்பிட்டுவிட்டுச் சிறுவாணி சாலையில் கோவை கொண்டாட்டம் பூங்காவுக்குப் போகலாம். மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் நீலகிரி அடிவாரத்தில் இருக்கிறது. மலை ரயில் கிளம்புவதும் அந்த ஊரிலிருந்துதான். மதுரையில் திண்டுக்கல் சாலையில் பரவையில் அதிசயம் பூங்கா. பெரியவர்களுக்கு மீனாட்சி இருக்கிறாள், மதுரையில் அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பெஞ்ச் வேலை அம்மாவுக்கு விழும். அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு: அப்பா ஆடிவிட்டு வந்து குழந்தையை வாங்கிக்கொள்வார், அம்மா மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்வார். இங்கே பலகை எழுதி வைக்காவிட்டாலும் சவாரி இயக்குபவரிடம் கேட்டுப் பாருங்கள். கூட்டமில்லாத நாளில் மறுக்க அவருக்குக் காரணம் இல்லை. பெரிய பிள்ளைகளிடமும் ஒரு மணி நேரம் 'தம்பி டியூட்டி' கொடுக்கலாம். முறை வைத்து, கடிகாரம் பார்த்து.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தண்ணீர் விளையாட்டுப் பகுதியில் செருப்பை வெளியே விடச் சொல்வார்கள். கோடையில் அந்தச் சிமென்ட் தரை தோசைக்கல்தான். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுடுவது தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்புளம் இருக்கும், புண் ஆறாது. தண்ணீரில் போடக்கூடிய ரப்பர் காலணி ஒன்றை அவர்களுக்காக வாங்கிப் போங்கள். அனுமதிக்க மறுத்தால் அவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். ரத்த அழுத்தம், இதய நோய், முதுகுவலி, அண்மையில் அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்று சவாரி வாசலில் எழுதியிருப்பது சட்டத்துக்காக எழுதிய சடங்கு இல்லை. படித்துவிட்டு ஏற வேண்டும்.

பட்டை 'டக்' என்று பூட்டியதா?

2025 மே 27 அன்று சென்னை வி.ஜி.பி. யுனிவர்சல் கிங்டம் பூங்காவில் ஒரு ராட்டினம் உயரத்தில் நின்றுவிட்டது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மணிக்கணக்கில் மேலே தவித்தார்கள். தீயணைப்புத் துறையினர் ஸ்கை லிஃப்ட் வைத்து எல்லோரையும் பத்திரமாக இறக்கினார்கள். 2016 மே மாதம் கிஷ்கிந்தாவில் ராட்டினம் ஒன்றைச் சோதித்துப் பார்த்தபோது நடந்த விபத்தில் ஓர் ஊழியர் உயிரிழந்தார். இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை. இயந்திரத்தின் தரத்தைப் பார்வையாளர் சோதிக்க முடியாது. அது பூங்காவின் பொறுப்பு, அரசின் பொறுப்பு. நம் பங்குக்குச் செய்யக்கூடியவை சில உண்டு. பட்டை பூட்டிய பிறகு ஒரு முறை கையால் தள்ளிப் பாருங்கள். ஊழியர் சோதிக்காமல் நகர்ந்தால் கூப்பிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. சவாரி நடுவில் நின்றால் பட்டையைக் கழற்றி இறங்க முயலாதீர்கள். சின்னக் குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் போன் எண்ணை எழுதிப் போடுங்கள். 'தொலைந்தால் இந்தக் கடிகாரத்துக்குக் கீழே' என்று ஓர் இடத்தைக் காலையிலேயே காட்டிவிடுங்கள்.

போகும் வழி, வரும் வழி

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்காக்களுக்குக் கோவளம், மாமல்லபுரம் பக்கம் போகும் மாநகரப் பேருந்துகளே போதும். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் கிடையாது. ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கும் இல்லை. அம்மா, பெண், பாட்டி மூவருக்கும் சீட்டு இலவசம் என்றால் காருக்கான பெட்ரோலும் பார்க்கிங் கட்டணமும் மிச்சம், திரும்பும்போது அசந்துபோய் வண்டி ஓட்டும் ஆபத்தும் இல்லை. நடக்க முடியாத பெரியவரோ கைக்குழந்தையோ இருந்தால் மட்டும் வாகனம் தேவைப்படும். இரண்டு குடும்பமாகச் சேர்ந்து வேன் பிடித்தால் தலைக்கு விழும் தொகை குறையும், பிள்ளைகளுக்கும் துணை கிடைக்கும்.

திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே வாசலில் இருங்கள். உள்ளே போனதும் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் ராட்டினத்தில் எல்லோரும் மொய்ப்பார்கள். அதை விட்டுவிட்டு, உலர்ந்த உடையோடு நேராகப் பெரிய ரோலர் கோஸ்டருக்குப் போய்விடுங்கள். தண்ணீர் விளையாட்டுகளைப் பெரும்பாலும் நண்பகல் வாக்கில்தான் திறப்பார்கள். அலைக்குளத்துக்கு அலை வரும் நேரம் தனியாக எழுதிப் போட்டிருக்கும். அதைச் சுற்றி மற்றதை அமைத்துக்கொள்ளலாம். நாலரை மணிக்குத் தண்ணீரை விட்டு வெளியே வந்து, உடை மாற்றும் அறை நிரம்புவதற்கு முன் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஐந்து மணிக்குக் கிளம்பினால் நெரிசலில் மாட்டாமல் வீடு சேரலாம் என்று அப்பாக்கள் சொல்வார்கள். சாலைக் கணக்குப்படி அது சரிதான். ஆனால் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் வரிசைகள் கரைந்துபோகும். ஒரே சவாரியில் இறங்கியதும் மறுபடி ஏறலாம், காலையில் ஏறப் பயந்தவரும் துணிந்துவிட்டிருப்பார். நெரிசலா இந்த ஒரு மணி நேரமா என்றால் நான் நெரிசலில் நிற்கத் தயார். லாக்கர் முன்பணத்தைத் திரும்ப வாங்க ரசீது வேண்டும். அது யார் பையில் என்பதைக் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள்.